நாற்பது தோழியருக்கு ஒரு மோதிரம்

— அப்ப எங்க நாடகத்தைத் தள்ளிட்டீகளா மொதலாளி?

— தள்ளலை அம்மிணி. தள்ளிட்டம்னு சொன்னா மனசு நோகுமல்லோ. நம்ம நாடக இலக்கிய வட்டத்துக்குப் பொருந்தலைன்னு புரொபசர் சொல்லிப்போட்டார். ஏனுங்க புரொபசர், நீங்களே நாகஜோதிக்கு எடுத்துச் சொல்லுங்கோ. பதினோராம் லைன் செக்கிங் டேபிள்ல பனியன் பாக்கற புள்ள, அதுக்குப் புரியற மாதிரி.

— சொல்கிறேன் தனபால் அவர்களே. அதாவது பாரம்மா, கம்பெனி ஆண்டு விழா என்றாலும் மேடை மேடைதான். அதில் ஏறுவது எதுவானாலும் முதலில் நாடக இலக்கியமாக இருக்க வேண்டும். முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் நாடகவியல் நடத்தியவன் இந்த லிங்கசாமி. உன்னுடையதை என்னால் நாடகமாகவே வாசிக்க முடியவில்லை.

— எந்த இடத்துல இடறுதுங்க ஐயா?

— இடறுவதற்கு ஓர் இடம் இருந்தால்கூடப் பரவாயில்லை. கதை என்ன? தையல் லைனில் நாற்பது பெண்கள். பாத்ரூம் போக ஒரே ஒரு டோக்கன். ஒருத்தி டோக்கன் கேட்டு நிற்கிறாள். முதலாளி வருகிறார். தான் சைக்கிளில் பனியன் விற்று முன்னுக்கு வந்த கதையை அரை மணி நேரம் சொல்கிறார். அவள் நிற்கிறாள். திரை. இதில் நிகழ்வு எங்கே? மோதல் எங்கே?

— அவ நிக்கிறதுதான் மோதல்னு நெனச்சேன் ஐயா.

— நிற்பது மோதலாகாது அம்மா. நிற்பது நிற்பதுதான்.

— அதுவுமில்லாம அம்மிணி, பாத்ரூம் சமாச்சாரத்தைப் போயி மேடையில பேசறதா? எல்லாரும் குடும்பத்தோட வருவாங்கல்லோ. நம்ம கம்பெனியிலயும் லைனுக்கு ஒரு டோக்கன் இருக்குது, இல்லைங்கலை. அது ஒரு ஒழுங்குக்கு. அதுல என்ன நாடகம் கண்டே? அப்புறம் அந்த சைக்கிள் கதை. திருப்பூர்ல சைக்கிள்ல பனியன் வித்தவன் ஆயிரம் பேரு. நானும் வித்தவன்தான். நானென்ன அரை மணி நேரமா பேசறேன்?

— பதினோராம் லைன்ல ரெண்டு மாசமா மத்தியானச் சோத்து நேரத்துல ஒத்திகை பாத்திருக்கோம் மொதலாளி. டோக்கன் கேக்குறவளா ரோஸ்மேரி நடிக்கிறா. அவ அம்மா நாசரேத்துலருந்து டிக்கெட் எடுத்துட்டாக. நாப்பது பேரும் ஊருக்குச் சொல்லிட்டாளுக. இப்பப் போயி இல்லைன்னா நான் அந்த லைன்ல தலை காட்ட முடியாது.

— போன வருஷம் என்ற நாடகத்துல அத்தனை பேருக்கும் வேசம் குடுத்தனல்லோ. எட்டு ராஜா, பன்னெண்டு போரு.

— குடுத்தீக மொதலாளி. நான் மூணாவது போருல செத்தேன். பொறவு ரெண்டரை மணி நேரம் படுத்தே கெடந்தேன்.

— நல்லாத்தான் படுத்திருந்தே. எல்லாரும் சொன்னாங்க.

— தனபால் அவர்களின் நாடகம் காப்பியத் தன்மை உடையது. அதை இதோடு ஒப்பிட வேண்டாம். நாகஜோதி, நீ ஏன் வருந்துகிறாய்? நீயே கொண்டுவந்து கொடுத்த பொக்கிஷம் இருக்கிறதே.

— அந்தப் பழுத்த தாள் கட்டா ஐயா? மேசையில வச்சேன், பாருங்கன்னேன். அம்புட்டுத்தான்.

— பார்த்தேன். மூன்று நாள் வேறெதையும் பார்க்கவில்லை. ‘அரண்மனை மோதிரம்’. நூற்றைம்பது வருடத்துக்குக் குறையாத பிரதி. எழுதியவர் பெயர் இல்லை. அக்காலத்துப் பெரியோர் பெயர் போட மாட்டார்கள். அடக்கம்.

— பேரு போட்டா என்ன ஆவும்னு தெரிஞ்சிருக்கும் ஐயா.

— இந்தப் பழுப்பைப் பாரு அம்மிணி. டீ சர்ட்டுல இதைக் கொண்டு வரோணும்னா வாஷிங் யூனிட்ல நாலு தண்ணி மாத்தோணும். காலம் குடுத்த கலரு இது. வேறாரும் குடுக்க முடியாது.

— ஆரோக்கியராஜண்ணன் குடுப்பாரு மொதலாளி. நம்ம வாஷிங் யூனிட்ல புதுச் சட்டையைப் பழசாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புறதெல்லாம் அவரு கைப்பக்குவந்தானே.

— அவன் துணிக்குக் குடுப்பான். இது தாளல்லோ.

— மொழியையும் பாருங்கள் தனபால் அவர்களே. ‘வெஞ்சனம்’ என்று ஒரு சொல் வருகிறது. வழக்கொழிந்து எத்தனை தலைமுறை ஆயிற்றோ.

— எங்க ஹாஸ்டல்ல தெனமும் கேப்போம் ஐயா, சோத்துக்குத் தொட்டுக்க இன்னைக்கு என்ன வெஞ்சனம்னு.

— மரபின் எச்சம் அம்மா. உங்களுக்கே தெரியாமல் உங்கள் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

— சரிங்க ஐயா. அந்த நாடகம் எதனால ஒசத்தின்னு சொல்லுங்க. நானும் கத்துக்கிடுறேன்.

— அதாவது பார். அரசவை. நாற்பது தோழியர். அவையை விட்டு வெளியே செல்ல அரசனின் முத்திரை மோதிரம் வேண்டும். மோதிரம் ஒன்றே ஒன்று. ஒரு தோழி மோதிரம் கேட்டு நிற்கிறாள். அரசன் வருகிறான். ஒற்றைக் குதிரையோடு வந்து நாடு பிடித்த கதையை அரை மணி நேரம் முழங்குகிறான். அவள் நிற்கிறாள். திரை. சொல்லும்போதே எனக்குப் புல்லரிக்கிறது.

— அதுல மோதல் எங்க வருதுங்க ஐயா?

— என்ன கேள்வி இது? அவள் நிற்கிறாளே. அந்த நிற்பில்தான் நாடகம் முழுவதும் இருக்கிறது. ஒரு பக்கம் அதிகாரத்தின் ஓயாத பேச்சு. மறுபக்கம் ஒரு பெண்ணின் இரண்டு கால்கள். அவன் பேசப் பேசச் சிறுத்துக்கொண்டே போகிறான். அவள் வாயே திறக்காமல் வளர்ந்துகொண்டே போகிறாள். விரலில் போடுகிற ஒரு மோதிரத்துக்குள் ஒரு சாம்ராஜ்யத்தையே அடைத்துவிட்டான் அந்தப் பெயர் தெரியாத மேதை.

— அடைச்சது பொம்பளையாவும் இருக்கலாம் ஐயா.

— வாய்ப்பில்லை. கட்டுக்கோப்பு அப்படி.

— அவ வெளிய எதுக்குப் போகணும்னு நாடகத்துல இருக்கா?

— சொல்லவில்லை. அதுதான் கலை. என் கணிப்பில் அது விடுதலை வேட்கை.

— அவசரமாவும் இருக்கலாமுங்களே.

— விடுதலை எப்போதும் அவசரந்தான் அம்மா.

— எனக்கு இந்த வேட்கையெல்லாம் தெரியாது புரொபசர். அந்த ராஜா மேல வந்த கோவம் இருக்குதே. நாப்பது பொம்பளைக்கு ஒரு மோதிரமா? ஒரு புள்ள நிக்கமாட்டாம நிக்குது, கண்ணுல தண்ணி முட்டுது, இவன் குதிரை வாங்கின கதையைச் சொல்லிட்டிருக்கறான். ஈவிரக்கமில்லாத பய. படிச்சுப்போட்டு எனக்குச் சோறே எறங்கலை. ஏனுங்க, ஆர்டர் ஏதாச்சும் கேன்சலான்னு ஊட்டுக்காரி சாரதாமணி கேக்கறா. அவகிட்ட என்னன்னு சொல்றது?

— அம்புட்டுத் தூரம் உள்ள போயிருச்சா மொதலாளி?

— அந்த ராஜா வேசத்தை நானே கட்டறதா இருக்கறேன். இப்பிடியொருத்தனை ஊரறியத் தோலுரிச்சுக் காட்டோணும்.

— உங்களுக்குப் பொருந்தும் மொதலாளி.

— கம்பீரம் வேண்டுமல்லவா? அது அவரிடம் இயல்பாகவே இருக்கிறது.

— ஐயா, ஒரு சந்தேகம். செக்கிங்ல எந்த பீஸ் வந்தாலும் ஒரே டேப்பை வச்சுத்தான் அளப்போம். பாஸ்னா ஏன் பாஸ்னு சீட்டுல எழுதி செக்கர் கையெழுத்துப் போடணும். நாடகத்துக்கும் அப்படி உண்டா?

— உண்டு. ஆய்வறிக்கை என்று பெயர். வட்டத்தின் மினிட் புத்தகத்தில் இதோ எழுதிவிட்டேன். ‘அரண்மனை மோதிரம் ஆண்டு விழாவுக்குத் தேர்வு செய்யப்படுகிறது. காரணம், நிற்பதையே நிகழ்வாக்கிய அதன் நுட்பமும், முடிவைச் சொல்லாமல் விட்ட அதன் துணிவும்.’

— கையெழுத்துங்க ஐயா?

— இதோ.

— மொதலாளி?

— தலைவர் நானல்லோ. போட்டாச்சு, பாரு. மினிட் புக்குல ஏறினதை ஆரும் மாத்தப்படாது. போன வருஷம் என்ற நாடகத்துல ரெண்டு போரைக் குறைக்கலாம்னு சிலபேரு கெளம்பினாங்க. அப்ப நானே போட்ட ரூல் அது.

— நல்ல ரூல் மொதலாளி. அதுக்குக் கீழ இன்னும் ஒரு வரி சேத்துக்கிடுங்க. நடிக்கிறது பதினோராம் லைன் ஆளுக, சொல்லிக்குடுக்கிறது நாகஜோதின்னு.

— எழுதுங்கோ புரொபசர். தன்ற நாடகம் போச்சேன்னு ஒரு புள்ள வந்து நிக்குது. இதைக்கூடச் செய்யலைன்னா அந்த ராஜாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

— எழுதிவிட்டேன். ஆனால் நாகஜோதி, இது செவ்வியல் பிரதி. விழாவுக்கு எட்டு நாள்தான் இருக்கிறது. தையல் மிஷினில் உட்காரும் பெண்களுக்கு இத்தனை வசனம் எப்படி மனப்பாடம் ஆகும்?

— ரெண்டு மாசமா மனப்பாடந்தான் ஐயா. நீங்க தள்ளுன நாடகத்துல டோக்கன்னு இருக்கிற இடத்துல மோதிரம். சைக்கிள்னு இருந்தா குதிரை. மொதலாளின்னு இருந்தா ராஜா, பனியன் வித்ததுன்னு இருந்தா நாடு பிடிச்சது. பாத்ரூம்ங்கிற வார்த்தையை மட்டும் எடுத்துட்டேன். வேற ஒரு வரி மாறலை. எழுதினது ரெண்டும் நான்தான். தாளைப் பழுக்க வச்சது ஆரோக்கியராஜண்ணன்.

— அதாவது... பார்... இரண்டுக்கும் ஓர் உள்ளார்ந்த ஒற்றுமை இருப்பதை நான் முதல் வாசிப்பிலேயே உணர்ந்திருந்தேன். தனபால் அவர்களே, அந்த மினிட் புத்தகத்தைச் சற்று இப்படிக் கொடுங்கள்.

— குடுக்க முடியாதுங்க. ரூலு ரூலுதான். நாகஜோதி, இங்க பாரு. அந்த சைக்கிள் பேச்சு, மொத மழையில பனியனெல்லாம் நனைஞ்சு போனது, அவிநாசி ரோட்டுல சாமியைக் கும்பிட்டுட்டு நின்னது. அதெல்லாம் சொல்லுக்குச் சொல்லு நான் பேசற பேச்சு. அதை எப்பிடி இத்தனை கணக்கா எழுதினே?

— போன வருஷம் எக்ஸ்போர்ட் அவார்டு வாங்கின கையோட பதினோராம் லைனுக்கு வந்து பேசினீக. அன்னைக்கு டோக்கன் கேட்டு உங்களுக்கு முன்னால நின்னது நான்தான் மொதலாளி.