வடமுனைப் பக்கத்தில் ஒரு நீலக் கரடி

அவைத்தலைமை ஏற்று வீற்றிருக்கும் எங்கள் அச்சகத்தின் உரிமையாளர் ஐயா அவர்களே, இந்தப் புதிய நிலப்பட நூலை வெளியிட்டு வாழ்த்தி அமர்ந்த தலைமையாசிரியர் அம்மா அவர்களே, முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, மையின் மணத்தை மேனியெங்கும் சுமந்து வந்திருக்கும் என் உடன் பணியாளர்களே, மடியில் மழலையும் மனத்தில் நாளைய கவலையுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் ஒவ்வொருவரையும் கை கூப்பி வணங்குகிறேன்.

நான் படம் வரைகிறவள். மேடை பழக்கமில்லை. பேச்சில் தடுமாறினால், தெரியாததுபோல் இருந்துவிடுங்கள்.

நூலின் நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். உலகத்தின் உச்சி. வடமுனை. நடுவே வெள்ளையாய் விரிந்து கிடக்கிறதே, அது பனிக்கடல். அந்த வெள்ளையை எந்த மையால் அச்சிட்டோம் தெரியுமா? எந்த மையாலும் இல்லை. கடலுக்கு நீலம் உண்டு, காட்டுக்குப் பச்சை உண்டு, மலைக்குப் பழுப்பு உண்டு. பனிக்கு ஒன்றுமே பூசாமல் தாளைத் தாளாகவே விட்டுவிடுவோம். விட்டு வைத்தால் அது பனி. தொட்டுவிட்டால் அது கடல்.

நான் வருமுன்பே இந்த நூலுக்கு எத்தனையோ பதிப்புகள் வந்தன. எல்லைகள் மாறின, ஊர்கள் வளர்ந்தன, சாலைகள் கூடின. வடமுனைப் பக்கம் மட்டும் மாறவேயில்லை. பழையதைப் பார்த்துப் புதியதை வரைந்தோம், அதைப் பார்த்து அடுத்ததை வரைந்தோம். பனி எங்கே போய்விடப் போகிறது என்ற நம்பிக்கை.

இந்த முறை கடல் ஆய்வு நிலையத்துக்கு எழுதி, கோடை முடியும் மாதத்தில் பனி எதுவரை நிற்கிறது என்ற அளவை வாங்கினேன். பழைய கோட்டின்மேல் புதிய கோட்டை வைத்துப் பார்த்தேன். நடுவில் என் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி. படத்தில்தான் இரண்டு விரல், பெரியோர்களே. கடலில் அது எத்தனை நாடுகளின் பரப்பு. நாற்பது ஆண்டுக்கு முன் கோடை முடிவில் கிடந்த பனியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கரைந்து போய்விட்டது. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். நீலம் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். உருக உருக நீலம் கூடும், நீலம் கூடக் கூட இன்னும் உருகும்.

ஒவ்வொரு நிற மைக்கும் தனித்தனி அச்சுத் தகடு உண்டு; அதில் நீலத் தகட்டைத் திருத்தினேன். கோட்டைப் பத்து முறை சரிபார்த்தேன். சரி என்று மாதிரித் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அச்சு மிஷின் ஓடியது.

மூவாயிரம் தாள் ஓடி முடிந்தபோது, மடிப்புப் பகுதி அக்கா ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அதோ, மூன்றாம் வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறாரே, அவர்தான்.

"ஏம்மா, கரடிக்கு யாரு சொட்டு நீலம் போட்டது?"

பார்த்தேன். பனிமேல் நிற்கும் பனிக்கரடியும் அதன் குட்டியும் கறுப்புத் தகட்டில் வெறும் கோடுகள். உடம்பின் வெள்ளை, தாளின் வெள்ளை. பனியை நான் நகர்த்திவிட்டேன். கரடியை நகர்த்த மறந்துவிட்டேன். நீலம் வந்து தாயையும் பிள்ளையையும் மூடிவிட்டது.

சிரியுங்கள், சிரியுங்கள். இன்று நானும் சிரிக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. வேலையில் சேர்ந்து பதினோரு மாதம். பன்னிரண்டு முடிந்தால்தான் நிரந்தரம். வீட்டில் நான்கு வயது மகள். மாதிரித் தாளின் மூலையில் என் கையெழுத்து.

மிஷின் ஓட்டும் அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். "இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்க? நீலத் தகட்டுல கரடி அளவுக்கு ஓட்டை விட்டா வெள்ளையாயிடும். ஒரு மணி நேர வேலை. கரடி நீந்தாதா என்ன?"

"நீந்தும்ணே."

"அப்ப நீந்தட்டும், விடு. முதலாளி ஐயா காதுக்குப் போக வேண்டாம்."

எவ்வளவு எளிதான வழி. வேலையும் தப்பும், தவறும் மறையும். ஆனால் மனம் ஒப்பவில்லை. ஆய்வு நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எனக்கு அளவு அனுப்பிய அம்மாதான் எடுத்தார்.

"நீந்தும்மா, நல்லாவே நீந்தும்," என்றார். "ஆனா தண்ணியில அதால வேட்டையாட முடியாது. சீல்னு ஒரு கடல்நாய், பனியில இருக்கிற ஓட்டை வழியா மூச்சு விட மேல வரும்ல, அந்த ஓட்டைப் பக்கத்துல பனிமேல காத்துக் கிடந்துதான் பிடிக்கும். பனி இல்லன்னா சாப்பாடு இல்ல. நிறைய இடத்துல கரைக்கு வந்து, பனி எப்பத் திரும்பும்னு பட்டினியாக் காத்திருக்குதுங்க."

"குட்டி?"

"குட்டிக்கு உடம்புல கொழுப்பு கம்மி. ரொம்ப தூரம்னா அம்மா கரை சேர்ந்துடும். குட்டி சில நேரம் சேராது."

தாய்மார்களே, தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு நான் என்ன செய்திருப்பேன்? நீங்கள் என்ன செய்வீர்கள்? அந்தக் குட்டியை நடுக்கடலில் விட்டுவிட்டு, நீந்தட்டும் என்று கையெழுத்துப் போடுவீர்களா? அதைப் பார்த்து ஆயிரம் பிள்ளைகள், அடடா, கரடி குளிக்கிறது என்று படித்துக்கொள்ளட்டும் என்று விடுவீர்களா?

யாரம்மா அது, பென்குயின் எங்கே என்று கேட்பது? அது தென்முனை, அடுத்த பக்கம். அங்கே நான் தவறு செய்யவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு ஐயாவின் அறைக்குப் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"மாதிரித் தாள்ல கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதாங்கய்யா."

"கரடி எங்க நிக்கணும்?"

"கரையிலங்கய்யா. ரெண்டு தகடும் புதுசா செய்யணும். ஓடின மூவாயிரமும் போச்சு. பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள முடியுமான்னு தெரியல."

"நான் படிச்சப்ப மேல முழுக்க வெள்ளையா இருக்கும்." விரலால் அந்த நீலத்தைத் தடவினார். "நிஜமாவே இவ்வளவுதான் மிச்சமா?"

"கோடையில இவ்வளவுதாங்கய்யா."

மணியடித்து மிஷின் அண்ணனை அழைத்தார். "ஓட்டத்த நிறுத்து. பள்ளிக்கூடங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்." என் பக்கம் திரும்பினார். "அடுத்த தப்பையும் நீயே வந்து சொல்லும்மா. மடிக்கிறவங்க சொல்லி எனக்குத் தெரியக் கூடாது." பிறகு நான் நிரந்தரமானேனா என்று கேட்காதீர்கள். மேடையில் நிற்கிறேனே, போதாதா?

அதன்பின் நான்கு நாள். என்ன நாள்கள் அவை. தகடு செய்தவர் விடுப்பை விட்டு வந்தார். தாள் அடுக்கியவர் தாமதம் பாராமல் நின்றார். என்னைக் கேலி செய்த மிஷின் அண்ணன், கரடி கரையேறும்வரை கையைக் கழுவவில்லை. மடிப்பு அக்கா மட்டும் ஒவ்வொரு தாளையும் தூக்கிப் பார்த்து, "பிள்ளை பக்கத்துல இருக்கு, சரி," என்று சொல்லிச் சொல்லி மடித்தார்.

அந்தப் பக்கம்தான் உங்கள் கையில் இருக்கிறது. கரையில் தாயும் குட்டியும். அருகே ஒரு வரி: 'பனி திரும்பும்வரை காத்திருக்கும்.' கடலுக்குள் புள்ளிப் புள்ளியாய் ஒரு கோடு, பனி முன்பு நின்ற இடம். ஆசிரியப் பெருமக்களே, அந்தப் புள்ளிக் கோட்டைத் தாண்டிப் பாடம் நடத்திவிடாதீர்கள். அதில் கொஞ்சம் நில்லுங்கள். இது ஏன் இங்கிருந்து அங்கே போனது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். நாம் எரித்த கரியும் எண்ணெயும் காற்றைச் சூடாக்கின, காற்று கடலைச் சூடாக்கியது, கடல் பனியைக் கரைத்தது என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு இதையும் சொல்லுங்கள்: மலையை நகர்த்த நம்மால் முடியாது, கடலை நகர்த்த நம்மால் முடியாது, ஆனால் இந்த ஒரு கோட்டை மனிதர்கள் நகர்த்தியிருக்கிறார்கள். நகர்த்தத் தெரிந்தவர்களுக்கு நிறுத்தத் தெரியாதா?

என் மகள் இந்த நூலைத் திறக்கும் வகுப்புக்கு வர இன்னும் ஆறு ஆண்டு. அதற்குள் இன்னொரு பதிப்பு வரும். அன்று அந்தக் கோடு எங்கே நிற்கும்? எனக்குத் தெரியாது. தெரியாததால் சில நாள் தூக்கம் வருவதில்லை. ஒன்று மட்டும் இந்த அவையில் உறுதியாகச் சொல்கிறேன். எங்கே நின்றாலும் அங்கேதான் வரைவேன். பிள்ளை வருத்தப்படுமே என்று அரை விரல்கூட வெள்ளையைக் கூட்டிக் காட்ட மாட்டேன்.

அதனால் ஆட்சி செய்கிறவர்களே, ஆலை நடத்துகிறவர்களே, அடுப்பேற்றுகிறவர்களே, வண்டி ஓட்டுகிறவர்களே, உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். பனி கூடிவிட்டது என்று அந்தக் கோட்டை ஒரு நூலளவு தெற்கே இறக்கி வரையும் வேலை. எனக்குக் கிடைக்காவிட்டால், எனக்குப் பிறகு அந்த மேசையில் உட்காருகிறவருக்காவது கொடுங்கள். அவர் மகிழ்ச்சியோடு வரைவார்.

பொறுமையாய்க் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. உங்கள் பிள்ளைகள் நலமாக இருக்கட்டும். வணக்கம்.