சுவர் தட்டும் வரை

இந்த நாற்காலி கொஞ்சம் தாழ்வாக இருக்கிறது. பரவாயில்லை, மாற்ற வேண்டாம். பியானோ வாசிப்பவர்களுக்கு எங்கே உட்கார்ந்தாலும் முதலில் உயரத்தைப் பார்க்கத் தோன்றும். பழக்கம். பழக்கத்தைப் பற்றித்தான் நானும் சொல்ல வந்திருக்கிறேன்.

வெளியே பெஞ்சில் அழுதுகொண்டிருப்பவர், அரங்கில் மேடை வேலைகளைப் பார்க்கும் மேடைக்காரரின் மனைவி என்றார்கள். அவருடைய கணவரை நீங்கள் லாக்கப்பிலிருந்து விட்டுவிடலாம். அரங்கின் தடுப்புக் கம்பியைக் கழற்றச் சொன்னது நான். அவர் ஒரு முனையைப் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன்.

ஆனால் கம்பியிலிருந்து ஆரம்பித்தால் உங்களுக்கு விளங்காது.

எங்கள் ஜாஸ் குழுவில் நான்கு பேர். டிரம்ஸ் வாசிக்கும் பையனை டமாரம் என்று கூப்பிடுவோம். டபுள் பாஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியத்தை வாசிப்பவள் நெட்டை. சாக்ஸபோன் என் தம்பி. பியானோ நான். அவர்கள் மூவரும் சின்ன வயது; எனக்குத் தலையில் நரை எட்டிப் பார்த்தாகிவிட்டது.

போன மாதம் வானொலியில் எங்களைப் பேட்டி எடுத்தார்கள். யார் யார் எப்படி இசைக்கு வந்தீர்கள் என்பதுதான் கேள்வி.

"எங்கப்பா நசுங்கின காரைத் தட்டி நிமித்துறவரு," என்றான் டமாரம். "என்னை அடிச்சதும் அவர்தான், அடிக்கக் கத்துக்கொடுத்ததும் அவர்தான்."

நெட்டை சிறுமியாக இருந்தபோது, பாஸைவிடச் சின்னதான செல்லோ படித்தவள். "எங்க டீச்சர் ஒருநாள் சொல்லிட்டாங்க, நீ கட்டிப்பிடிச்சா அதுக்கு மூச்சு முட்டுது, உன் சைஸுக்கு ஒண்ணு பாத்துக்கம்மான்னு."

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். அடுத்தது தம்பி.

"எனக்குப் பின்னணியே கிடையாதுங்க. யார்கிட்டயும் போய் உக்காரலை. எடுத்து ஊதினேன், வந்துச்சு."

"வீட்லயே அக்கா இருக்காங்களே?"

"அக்கா அப்பல்லாம் சமையல்ல பிஸி."

அதற்கும் சிரித்தார்கள்.

நான் சமையலில் இருந்தது உண்மைதான். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். எப்போதாவது பெட்டி நிறையப் பொம்மைகளோடு வந்து போகும் விருந்தாளி. இசைக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. ஒரு வருஷம் தள்ளிப்போட்டேன். அது அப்படியே தள்ளிப்போய்விட்டது. அடுப்பில் ஒரு கண் வைத்தபடி நான் ஒரு வரி பாடுவேன், அவன் சமையலறை வாசலில் நின்று அதைத் திருப்பி ஊதுவான். சுதி பிசகினால் கரண்டியால் அடுப்பு மேடையைத் தட்டுவேன். ராத்திரி அவன் தூங்காமல் அழுதால் பாடுவதற்கென்று ஒரு மெட்டுக் கட்டியிருந்தேன். அதைத்தான் அவன் முதன்முதலில் முழுதாக வாசித்தான்.

அவனிடம் ஒரு கெட்ட குணம் இருந்தது. தன் முறை முடிந்தாலும் முன்னாலேயே நிற்பான். எங்கள் வகை இசையில் ஒருவர் மாற்றி ஒருவர் தனியாக வாசிப்போம். ஒருவர் முடித்ததும் ஒதுங்கி அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். "உன் பேச்சு முடிஞ்சுதா, பின்னால போ. சுவர் தட்டற வரைக்கும் போ," என்று அவன் நெஞ்சில் கை வைத்து மெல்லத் தள்ளுவேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு, குதிகால் அலமாரியில் இடிக்கும் வரை பின்னாலேயே போய்ச் சாய்ந்துகொள்வான். வளர்ந்த பிறகும் அப்படிக் கண்ணை மூடிப் பின்னால் போகும் பழக்கம் போகவில்லை. நாங்கள் வாசித்த சின்னச் சின்ன இடங்களில் எல்லாம் பின்னால் ஒரு சுவர் இருந்தது.

வானொலி நிலையத்திலிருந்து திரும்பும்போது காரில் கேட்டேன். "ஏன்டா அப்படிச் சொன்னே?"

"அக்கா, அவங்களுக்கு ஒரு கதை வேணும்க்கா. அக்கா சொல்லிக்கொடுத்தான்னா யார் கேப்பா? கோச்சுக்கிட்டியா? வா, ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்."

வாங்கித் தந்தான். சாப்பிட்டேன். அவன் கெட்டவன் இல்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

பிறகு அந்தப் பெரிய அரங்கம். எங்களுடைய முதல் இசைத்தட்டுக்கு அங்கே ரசிகர்கள் முன்னால்தான் ஒலிப்பதிவு. மேடையின் பின்பக்கம் சுவர் கிடையாது. நாடகத்துக்கான தட்டுமுட்டுச் சாமான்களைக் கீழிருந்து ஏற்றும் ஆழமான பெரிய குழி ஒன்று, அதன் விளிம்பில் தடுப்புக் கம்பி. மாலை ஒத்திகையில் தம்பி வாசித்து முடித்துப் பின்னால் போய் அந்தக் கம்பியில் சாய்ந்தான். நான் பார்த்தேன். அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை.

ஒத்திகை முடிந்ததும் அறிவிப்பாளர் தம்பியிடம் வந்தார். "உங்களை எப்படிச் சொல்லி அறிமுகப்படுத்தட்டும்?"

"தானா கத்துக்கிட்டவன்னு சொல்லுங்க. முதல் பாட்டு பஸ்ல வரும்போது தோணினதுன்னு சொல்லுங்க. என் சொந்த மெட்டு."

முதல் பாட்டு, அம்மா போன வருஷம் நான் கட்டிய அந்த மெட்டு. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

நான் மேடைக்காரரிடம் போனேன். பாஸ் வாசிக்கும்போது கம்பி அதிர்கிறது, அந்தச் சத்தம் பதிவில் விழும் என்றேன். பொய் இல்லை, லேசாக அதிரத்தான் செய்தது.

"இருட்டுல யாராச்சும் பின்னால வந்துட்டா?" என்றார்.

"நாலு பேரும் முன்னாலதான்ணே நிப்போம்."

"அதானே, கைத்தட்டல் முன்னாலதானே இருக்கு," என்று சிரித்துக்கொண்டே திருகாணியைக் கழற்றினார். நல்ல மனிதர்.

அன்றைக்குத் தம்பி வாசித்தது போல் எப்போதும் வாசித்ததில்லை. ஒவ்வொரு வரியிலும் என் சமையலறை கேட்டது. அவன் முடித்தான். அடுத்தது என் முறை. நான் ஆரம்பித்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

முதலில் நிறுத்தியது டமாரம். பிறகு நெட்டை. நான் நிறுத்தவில்லை. தொடங்கிய சுற்றை முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது. அதையும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அவன் இறந்ததை எழுதிய எல்லாப் பத்திரிகைகளும் தானாகக் கற்ற மேதை என்று போட்டிருக்கின்றன. அதைப் படித்த பிறகுதான் இங்கே கிளம்பி வந்தேன். அந்தப் பெண்மணி அழுவது இங்கே வந்த பின்னால்தான் தெரியும்.

கொன்றது நான்தான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் அவனைத் தள்ளவில்லை. அவன் சொன்னபடி யாருமே கற்றுக்கொடுக்காமல் வந்தவனாக இருந்தால், வாசித்து முடித்துவிட்டு முன்னாலேயே நின்றிருப்பான். உயிரோடு இருந்திருப்பான். கம்பியைக் கழற்றி, யாரிடம் கற்றாய் என்று அத்தனை பேர் முன்னால் வைத்து ஒரே ஒரு முறை கேட்டேன்.

தம்பி இந்தத் தடவை பொய் சொல்லவில்லை.