மூச்சு திரும்புற நேரம்

— பிள்ளையைக் கொழும்பு ஆஸ்பத்திரிக்கு ஏன் கொண்டு போகேல்ல, நிரோஜா? திகதி குடுத்து, அம்புலன்ஸும் ஒழுங்கு பண்ணி வச்சிருந்தவை.

— போகல மிஸ். புள்ளைக்குத் தடிமன், மூக்கு ஒழுகுச்சு.

— தடிமனோ! நெஞ்சு நிண்டு நிண்டு அடிக்குது, நீர் தடிமன் எண்டு சொல்லுறீர். இந்தப் பக்கத்து மிட்வைஃப் நான். டொக்டர் என்னட்டைத்தான் கேப்பார். சரி, கோகுலனை உம்மட மடியிலேயே வச்சிரும். நான் கிட்ட வந்து பாக்கிறன்.

— மெதுவாங்க மிஸ். பயந்தா வெளுத்துருவான்.

— தெரியும். அந்த மயக்கம் பிறகும் வந்ததோ?

— நேத்துகூட வந்துச்சுங்க. அழவே இல்ல. வாயத் தொறந்தான், சத்தம் வரல. மூஞ்சி வெள்ளத்துணி கணக்கா ஆகி, அப்படியே தொவண்டுட்டான்.

— நீர் என்ன செய்தனீர்?

— நீங்க சொன்ன மாதிரியே ஒருக்களிச்சுப் படுக்கப் போட்டேன். குலுக்கல, தண்ணி அடிக்கல, வாயில வெரல் விடல. வாய்கிட்ட காத வச்சுக்கிட்டு இருந்தேன்.

— மூச்சு வருதோ எண்டு பாத்தது நல்லம். இரும்புச்சத்துப் பாணி மருந்து குடுக்கிறனீரோ?

— தவறாம குடுக்குறேங்க.

— பிறகென்ன, பயப்பிடாதையும். இது பேயுமில்லை, வலிப்புமில்லை. கனக்கப் பிள்ளையளுக்கு வாறதுதான். வளர வளரத் தன்பாட்டில விட்டிடும்.

— விட்டுருமா? முழுசாவா?

— ஓம். ஏனப்பா முகம் கறுக்குது? சந்தோசப்பட வேண்டிய கதையெல்லோ. ஆனா இவனுக்கு அடிக்கடி வருது, நெஞ்சும் கனநேரம் நிக்குது. அதுக்குத்தான் கொழும்பில நெஞ்சுக்க அந்தச் சின்ன மிஷின் வைக்கச் சொல்லினம். துடிப்புக் குறைஞ்சா அது தட்டி எழுப்பும்.

— அப்ப, நிக்கவே விடாதுங்களா?

— விடாது.

— ம்.

— அஜந்தன் எங்க? பிள்ளையின்ர தேப்பனோடயும் கதைக்க வேணும்.

— வயலுக்குப் போயிட்டாரு. அவரு முன்னால இது வந்ததே இல்லங்க.

— முன்பள்ளியிலயும் வரேல்லையாம். விசாரிச்சனான்.

— ஆமாங்க. என்கிட்டதான் வருவான்.

— வருவானோ? ஆர்?

— முழிக்கிறப்ப பேசுறான் மிஸ். இவனுக்கு இந்த வயசுலயும் ரெண்டு சொல்லு சேத்துச் சொல்லத் தெரியாது. ஆனா மூச்சு திரும்புற நேரம், மதுசன் மாதிரியே பேசுறான்.

— வாய்க்காலுக்க விழுந்து செத்துப்போன உம்மட மூத்தவனோ? இவன் அப்ப பிறக்கவே இல்லையே!

— அதே குரலுங்க. கொஞ்சம் மூக்கால பேசுவானே, அதே மாதிரி.

— இஞ்ச பாரும் பிள்ளை. மயக்கம் தெளியேக்க எந்தப் பிள்ளையும் அனுங்கும். உம்மட மனசு கேக்க ஆசைப்படுறதைத்தான் காது கேக்குது. அந்தக் கதையை விடும். சட்டையைக் கொஞ்சம் உயத்தும், நெஞ்சைப் பாப்பம். பொறும். இதென்ன, விலாவில கண்டிப்போய்க் கிடக்கு?

— ஒக்கார்ற வாங்குல இடிச்சுக்கிட்டான் மிஸ்.

— வாங்குக்கு நகம் இருக்கோ, நிரோஜா? பழசும் புதுசுமா எத்தினை அடையாளம்! ஆர் கிள்ளினது? நீரோ?

— திடீர்னு வலிச்சாத்தான் வரும்னு டொக்டரு சொன்னாருல்லங்க.

— அது வராமப் பாத்துக்கொள்ளச் சொன்னது! கடவுளே, நெஞ்சு ஒருக்கா திரும்ப அடிக்காமல் விட்டா என்ன செய்வீர்?

— இவன் திரும்பிடுவான் மிஸ். எப்பவும் திரும்பிடுறான். ஆனா மிஷின் வச்சுட்டா, பெரியவன் எந்த வழியா வருவான்?

— உமக்குச் சுகமில்லை, பிள்ளை. உம்மையும் டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போறன். முதல்ல கோகுலனைத் தாரும். அந்தக் கையை எடும், நிரோஜா! விலாவில இருந்து கையை எடும்!

— தாரேங்க மிஸ். நேத்து, "அம்மா, நான் கூப்புட்டேன்ல, நீ ஏன்"ங்கிற வரைக்கும் வந்துட்டான். மிச்சத்த மட்டும் கேட்டுட்டுத் தாரேன்.