மச்சினனுக்கு மூன்று கிளாஸ்

மழைதான் எங்கள் வால்டிவியாவுக்குச் சாபம், ஐயா. வருஷத்தில் பாதி நாள் கொட்டும். ஆனாலும் என் உருளைக்கிழங்கு நிலவறையில் ஒரு சொட்டு இறங்கியதில்லை. நானே பார்த்துப் பார்த்துக் கட்டியது. அதனால் நிபால்டோ ஈரத்தில் கிடந்தான் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள்.

அவன் என் மனைவி எதெல்மிராவின் தம்பி. வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களின் சங்கத்தில் அவன் நாக்கு சொன்னால் சொன்னதுதான். ஏப்ரலில் நான் காய்ச்சிய கறுப்புப் பியரை, புட்டியில் அடைத்த ஆறாம் நாளே அவனிடம் நீட்டினேன். அது என் அவசரம், ஒப்புக்கொள்கிறேன். இருபது பேர் முன்னால் துப்பினான்.

"என்ன மச்சான், பச்சை ஆப்பிளைக் கடிச்ச மாதிரி இருக்கு? எங்கக்கா பாவம், இதையா குடிக்கிறா?"

"ஒம்பது வாரம் போகட்டும் மாப்ளே, அப்புறம் பேசு."

"ஒம்பது வருஷம் போனாலும் இது தேறாது மச்சான்."

எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. பழித்தவன் அது முற்றும்வரை கூட இருந்து பார்ப்பதுதானே நியாயம்?

மறுநாள் பியர் காய்ச்சப் புது மால்ட் வந்திருப்பதாகச் சொல்லி நிலவறைக்குக் கூப்பிட்டேன். படியிறங்கி உள்ளே போனான். வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டேன். கட்டில், கம்பளி, விளக்கு எல்லாம் முன்கூட்டியே வைத்திருந்தேன். கதவில் வெட்டிய சின்ன ஜன்னல் வழியாகத் தினமும் ரொட்டி, சூப். ஞாயிற்றுக்கிழமை ஒரு கிளாஸ் பியர்.

முதல் ஞாயிறு கெட்ட வார்த்தையில் திட்டினான். இரண்டாம் ஞாயிறு அழுதான். "பிரமாதமா இருக்கு மச்சான். தொறந்து விடுங்க, யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

எனக்கு வருத்தமாக இருந்தது. அந்தப் பச்சை ஆப்பிள் வாடை அப்போதும் போகவில்லை.

நாக்கைச் சோதிக்கச் சங்கத்தில் ஒரு வழி உண்டு. மூன்று கிளாஸ் வைப்போம். இரண்டில் ஒரே பியர், ஒன்றில் வேறு. வேறு எதுவென்று சொல்ல வேண்டும். மூன்றாம் ஞாயிறு அப்படி வைத்தேன், ஒன்றில் மட்டமான கடைப் பியர். மூன்றையும் மடக்மடக்கென்று குடித்துவிட்டு, "மூணுமே உங்களதுதான், மூணுமே அருமை" என்றான்.

பொய் சொல்கிறவனை எப்படி நம்பி வெளியே விடுவது? "உண்மையைச் சொல்லு மாப்ளே, அன்னிக்கே கதவு தொறக்கும்" என்று வாக்குக் கொடுத்தேன்.

மாலையில் எதெல்மிராவோடு ஆற்றங்கரை முழுக்க அவனைத் தேடினேன். அவள் நனையாமல் குடை பிடித்தேன்.

ஒன்பதாம் ஞாயிறு மறுபடி மூன்று கிளாஸ். ஆள் பாதியாக இளைத்திருந்தான். ஆனால் இந்த முறை ஒவ்வொன்றையும் முகர்ந்து, நிதானமாக வாயில் வைத்துப் பார்த்தான்.

"நடுவுல இருக்கறது கடைப் பியர். மத்த ரெண்டும் உங்களது. புளிச்சு வினிகராயிடுச்சு மச்சான், இனிமே தேறாது. உண்மையைச் சொல்லிட்டேன். தொறங்க."

நடுவில் இருந்தது கடைப் பியர்தான்.

ஜன்னலைச் சாத்தினேன். அதன்பிறகு சூப் கொண்டுபோகவில்லை, தண்ணீரும் இல்லை. நாலு நாள் கதவைத் தட்டினான். மழைச் சத்தத்தில் எதெல்மிராவுக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. கொன்றது நான்தான், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. உங்கள் ஆட்கள் அந்தப் புட்டிகளைக் கொட்டிவிடப் போவதாகப் பேசிக்கொண்டார்கள். வேண்டாம், ஐயா. இன்னும் நாலு வாரம் விட்டால் சரியாகிவிடும்.