சேற்று மாதங்களின் தவணை

மேடையில் அமர்ந்திருக்கும் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் இயக்குநர்களே, தெற்கிலிருந்து நான்கு மணி நேரம் காரோட்டி வந்திருக்கும் பொது மேலாளர் திரு. ஹாலோவே அவர்களே, பாதிரியார் அவர்களே, உருளைக்கிழங்கு வயலிலிருந்து நேராக வந்து, காலணி மண்ணைக்கூடத் தட்டாமல் உட்கார்ந்திருக்கும் சென்ட் ஆன்செல்ம் ஊர் மக்களே, மதாம் ஒடீல் மிஷோவின் இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

பல ஆண்டுகளுக்கு முன்னால் மதாம் ஒடீல் மிஷோ என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் தவணை கட்டப் போயிருந்தேன். அவர் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரே, ஒரு வீட்டுக் கடனக் கட்ட எத்தன வழி இருக்கணும்?"

"ஒன்னு போதுமே மதாம். மாசம் பொறந்தா சொன்ன தொகையக் கட்ட வேண்டியதுதான்."

"உங்களுக்கு மாசாமாசம் சம்பளம் வருது. பனி பெஞ்சாலும் வருது, பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாலும் வருது. அந்தத் திமிர்ல பேசுறீங்க. தள்ளி நில்லுங்க, பின்னால ஆளு நிக்கிறாங்க."

இதுதான் மதாம் ஒடீல். நம் சங்கத்தின் கிளை மேலாளராக முப்பது ஆண்டுகள் இருந்தவர். சற்று முன் பேசிய திரு. ஹாலோவே அவரை "எங்கள் நிறுவனத்தின் புன்னகை முகம்" என்றார். நானும் எத்தனையோ ஆண்டுகள் அந்தக் கவுன்ட்டருக்குப் போயிருக்கிறேன். அந்தப் புன்னகையை நான் பார்த்ததில்லை. இங்கே இருப்பவர்களில் பார்த்தவர் யாராவது உண்டா? சிரிக்கிறீர்கள். உங்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள், மீதிப் பேர் திட்டுக்குப் பயந்து மனைவியை அனுப்பியவர்கள்.

ஆனால் அவர் எதற்காகத் திட்டினார்? அதை மேடையில் இருப்பவர்கள் யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

மர அறுப்பு ஆலையில் ஒரு பையன் புதிதாக வீடு வாங்கினான். தவணையைக் கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்ளட்டும், எனக்கு நேரமில்லை என்றான். மதாம் அவனை எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டார்.

"உனக்குச் சம்பளம் என்னைக்கு வருது?"

"ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, வெள்ளிக்கிழமை."

"தவணை ஒன்னாம் தேதி. ஒன்னாம் தேதி புதன்கிழமையா வந்துச்சுன்னா? உன் கணக்குல என்ன இருக்கும்? உன் சிகரெட் நாத்தம்தான் இருக்கும். பாதித் தவணைய ஒரு வெள்ளிக்கிழமையும் பாதிய அடுத்த வெள்ளிக்கிழமையும் சம்பளத்துலயே பிடிச்சு நான் தனியா வைக்கிறேன். முழுசா சேந்ததும் கட்டிக்கிறேன். கையெழுத்துப் போடு."

போட்டான். அந்தப் பையன் இன்று தாத்தா. இரண்டாம் வரிசையில் இருக்கிறார், கையைத் தூக்கச் சொன்னால் வெட்கப்படுவார்.

கணவனை இழந்த பெண்கள் சிலர் நோட்டும் சில்லறையுமாகக் கவுன்ட்டரில்தான் கட்டுவோம் என்றார்கள். அவர்களுக்குக் கவுன்ட்டர். உருளைக்கிழங்கு விவசாயிக்கு அறுவடை முடிந்து ஒரே காசோலை. வேலைக்காக ஆற்றுக்கு அக்கரை போனவருக்கு அஞ்சல் உறை. ஆளுக்கு ஒரு வழி. ஏன்? வருமானம் ஆளுக்கு ஒரு விதமாக வருகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மதாமின் வசவு தேவைப்பட்டது. சிலருக்கு அதுவும் போதவில்லை.

இப்போது சேற்றுப் பணத்துக்கு வருகிறேன். நம் ஊராருக்குத் தெரியும். திரு. ஹாலோவே அவர்களுக்காகச் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் அவருடைய அலுவலகத்துக்கே போய்ச் சொன்னபோது அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே மரம் வெட்டுகிறவனுக்குப் பனிக்காலம்தான் சம்பாத்தியம். தரை கல்லாக உறைந்திருக்கும்போதுதான் காட்டுக்குள் லாரி போகும். ஏப்ரலில் எல்லாம் இளகிச் சேறாகிவிடும். கனரக வண்டி ஓடக்கூடாது என்று சாலையில் பலகை வைத்துவிடுவார்கள். ஜூன் முடிகிறவரை அவன் வீட்டில் உட்கார்ந்து ரம்பத்துக்கு எண்ணெய் போடுவான், அவ்வளவுதான். ஆகவே ஜனவரியிலிருந்து மார்ச் வரை இரட்டைத் தவணை கட்டுவான். ஒன்று அந்த மாதத்துக்கு, இன்னொன்று சேற்று மாதத்துக்கு. அவன் அப்பனும் அப்படித்தான் கட்டினான்.

மதாம் அந்த இரண்டாவது தவணையைக் கடன் கணக்கில் வைக்கவே மாட்டார். உறுப்பினரின் சேமிப்புக் கணக்கில் தனியாக ஒதுக்கி வைப்பார். ஏப்ரல் வந்ததும் அங்கிருந்து எடுத்து ஏப்ரல் தவணையைக் கட்டுவார். மே வந்ததும் மே. எந்த வீட்டின் மேலும் ஒரு நாள் தாமதம் விழுந்ததில்லை.

பிறகு நம் சங்கத்தைப் பெரிய சங்கத்தோடு இணைத்தார்கள். மதாமை ஓய்வில் அனுப்பினார்கள். கவுன்ட்டரை மூடினார்கள். இனி எல்லாம் கணினியில் கட்டலாம், உங்களுக்கு வழிகள் கூடியிருக்கின்றன என்று வண்ணத்தாளில் அச்சடித்து அனுப்பினார்கள். கணினி, கைப்பேசி, தானியங்கிப் பிடித்தம் என்று எல்லாம் இருந்தது. எத்தனை வழிகள்! எல்லா வழிகளும் ஒரே கதவில் போய் முட்டுகின்றன. அந்தக் கதவுக்குப் பின்னால் ஆள் இல்லை.

கமீல் வியோலெட் பின்சுவரில் சாய்ந்து நிற்கிறார். அவர் சம்மதத்தோடுதான் பேசுகிறேன். மரம் வெட்டுகிறவர். தன் வீட்டைத் தன் கையால் கட்டியவர். அவர் மனைவி ஜெர்மேன் கொண்டுவந்த ப்ளோய் அடையும் கோழிக் குழம்பும்தான் பின்மேசையில் ஆவி பறக்கிறது. கடந்த பனிக்காலத்தில் கமீல் வழக்கம்போல இரட்டைத் தவணை கட்டினார். வழக்கம்போல சேற்று மாதங்களில் நிம்மதியாக இருந்தார். ஜூலையில் மறுபடியும் மாதத் தவணையைத் தொடங்கினார். சங்கமோ அதை ஏப்ரல் பாக்கிக்கு வரவு வைத்தது. மூன்று மாதம் பின்தங்கியவர் என்று அபராதம் போட்டது. அடுத்து அவர் கட்டிய தவணையை, பாக்கி முழுவதும் வந்தால்தான் வாங்குவோம் என்று திருப்பி அனுப்பியது. ஆகஸ்டு இறுதியில், வீட்டை எடுத்துக்கொள்ள வழக்குப் போடுவோம் என்றது.

ஜெர்மேன் மளிகைக் கடையில் மதாமைப் பார்த்து அழுதார். மதாமுக்கு அப்போதே மூக்கில் பிராணவாயுக் குழாய். அன்று மாலையே கமீலைத் தன் சமையலறைக்கு வரவழைத்தார். நானும் இருந்தேன்.

"சேத்துப் பணத்த எப்படிடா கட்டுன?"

"வழக்கம்போலத்தான் மதாம். கம்ப்யூட்டர்ல. கூடுதல் தொகைன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அதுல போட்டேன்."

"அந்தக் கட்டத்துக்குக் கீழ என்ன போட்டிருந்துச்சு?"

"பொடி எழுத்து. யாரு படிச்சா?"

"அசல்ல கழிக்கப்படும்னு போட்டிருக்கும், மரமண்டை. நீ ஏப்ரலுக்குன்னு நெனச்சுக் கட்டின. அது இருபது வருஷம் கழிச்சு வர்ற கடைசித் தவணையப் போய் அடைச்சிருக்கு."

கமீல் "அப்போ நான் கட்டினது கட்டினதுதானே மதாம்?" என்று மட்டும் கேட்டார்.

அன்பர்களே, நான் முப்பத்தைந்து வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவன், உதாரணம் இல்லாமல் என்னால் பேச முடியாது. வசந்த காலத்தில் தின்பதற்காக நீங்கள் நிலவறையில் உருளைக்கிழங்கு எடுத்து வைக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வந்து, அத்தனையையும் விதைக்கு என்று வெட்டி வைத்துவிட்டுப் போகிறார். ஏப்ரலில் உங்கள் பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் வந்து, "உங்கள் விளைச்சல் பெருகுமே, நான் நன்மைதானே செய்தேன்?" என்கிறார். அவர் சொல்வது பொய்யா? பொய் இல்லை. விளைச்சல் பெருகும். அதற்குள் பிள்ளைகள்?

மதாம் தலைமை அலுவலகம் போக வேண்டும் என்றார். மருத்துவர் கூடாது என்றார். நான்தான் கார் ஓட்டினேன். வழியெல்லாம் திட்டு. "வாத்தியாரே, இந்த வேகத்துல போனா என்னக் கொண்டுபோய் வெக்கறதுக்குள்ள நான் செத்துருவேன். காலை அழுத்துங்க." பிராணவாயு உருளையை மடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

அங்கே ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். மதாம் நின்றுகொண்டே பேசினார். அந்த மூன்று தவணைகளை அசலிலிருந்து எடுத்து ஏப்ரல், மே, ஜூனுக்கு மாற்றி எழுதுங்கள், அபராதத்தை நீக்குங்கள் என்றார். அவ்வளவுதான். ஒரு காசு தள்ளுபடி கேட்கவில்லை.

திரு. ஹாலோவே மிகவும் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "மிசஸ் மிஷோ, உங்க அக்கறை புரியுது. ஆனா சிஸ்டம் அப்படித்தான் அமைச்சிருக்கு. ஒருத்தருக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்தணும். அதோட, அசல் கொறஞ்சதால அவருக்கு வட்டி மிச்சம். ஒரு விதத்துல நாங்க அவருக்கு உதவிதான் செஞ்சிருக்கோம்."

"ஆமா," என்றார் மதாம். "வீடு இருக்காது. வட்டி மிச்சம்."

நம் ஊரின் இயக்குநர் நோர்மான் சிருவா ஜன்னல் வழியாகக் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பரிசீலிக்கிறோம்" என்றார்கள். மதாம் காத்திருந்தார். பதில் வருவதற்கு முன் இறந்துபோனார். பதில் இன்னும் வரவில்லை. மலர்வளையம் வந்திருக்கிறது. பெரிய மலர்வளையம். இதோ, சங்கத்தின் முத்திரையோடு நிற்கிறது.

இந்த அரங்கத்தின் வாசலில் திரு. ஹாலோவே என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், இன்னைக்கு அந்த விஷயம் வேண்டாமே. துக்கம் விசாரிக்க வந்திருக்கோம்," என்றார். எந்தத் துக்கத்தை விசாரிக்க வந்தீர்கள், ஐயா? மதாம் ஒடீல் மிஷோவின் மூச்சைப் பறித்தது நுரையீரல் நோய். அந்தப் பழியை நான் உங்கள் மேல் போடமாட்டேன். ஆனால் அவருடைய கடைசி மூச்சுகளில் எத்தனையை அவர் உங்கள் மேசைக்கு முன்னால் செலவழித்தார் என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று கேட்டவன் நான்.

நோர்மான், உனக்கு நான் பின்னம் சொல்லிக்கொடுத்தவன், அதனால் நீ என்றே பேசுகிறேன். உன் அப்பாவும் மரம் வெட்டியவர். நீ வளர்ந்த வீடு சேற்றுப் பணத்தில் மீண்ட வீடு. வரும் செவ்வாய்க்கிழமை இயக்குநர் குழு கூடி, கமீல் வீட்டின் மேல் வழக்குப் போடுவதா என்று முடிவு செய்யப்போகிறது. நீ எந்தப் பக்கம் கை தூக்குவாய்? எழுந்து நிற்க வேண்டாம். உட்கார்ந்தே சொல். நாங்கள் காத்திருக்கிறோம்.

சரி. மதாமுக்கும் இதே பதில்தான் கிடைத்தது.

ஊர் மக்களே, கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் மதாம் வெறும் கோபக்காரர் அல்லர். திட்டி முடித்ததும் பேனாவை நீட்டுவார். இந்தச் சங்கம் யாருடையது? ஐந்து டாலர் சேமிப்பு வைத்திருக்கிறவருக்கும் ஒரு ஓட்டு, ஐம்பதாயிரம் வைத்திருக்கிறவருக்கும் ஒரு ஓட்டு. போதுமான உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டியே ஆக வேண்டும். இது சங்கத்தின் விதி, திரு. ஹாலோவே இல்லை என்று சொல்ல முடியாது. மனு, ஜெர்மேனின் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாப்பிடுவதற்கு முன் கையெழுத்து. கேட்பது இரண்டே: சேற்று மாதத்துக்கு என்று கட்டிய பணம் சேற்று மாதத்துக்கே போக வேண்டும், கமீல் வீட்டின் மேல் உள்ள நடவடிக்கை அந்தப் பொதுக்குழு கூடும் நாள் வரை நிற்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அறுவடை இருக்கிறது, தெரியும். வீட்டுக்கு ஒருவர் போதும். இந்தக் கூடத்தின் வாசலிலிருந்து விடியற்காலையில் கார்கள் புறப்படும். இயக்குநர்கள் கை தூக்கும்போது எதிரே நாம் இருக்க வேண்டும். என் காரில் நான்கு பேருக்கு இடம் உண்டு. மெதுவாகத்தான் ஓட்டுவேன்.

மதாம் ஒடீல் மிஷோ அவர்களே, உங்கள் கவுன்ட்டரை மூடிவிட்டார்கள். பாதிரியார் இந்தக் கூடத்தில் ஒரு மேசை தருவதாகச் சொல்லியிருக்கிறார். திங்கள்தோறும் காலையில் நான் உட்காருவேன். கடன் வைத்திருக்கிறவர்கள் வாருங்கள், யாருக்கு எந்த வழி பொருந்தும் என்று சேர்ந்து பார்ப்போம். உங்களைப் போலத் திட்ட எனக்கு வராது, மதாம். பழகிக்கொள்கிறேன்.

ஊர் மக்களே, திங்கட்கிழமைக்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டுக் கடனுக்கு எப்போதாவது கூடுதலாகக் கட்டியிருந்தால், நாளைக் காலை சங்கத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "என் அடுத்த தவணை எந்தத் தேதி?" என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் முன்கூட்டிக் கட்டிய மாதங்களைத் தாண்டி அந்தத் தேதி நகரவில்லை என்றால், ஏன் என்று கேளுங்கள். பதில் வரும்வரை தொலைபேசியை வைக்காதீர்கள்.