அறுபத்தாறு மதிப்பெண் வாங்கிய ரூபாய்

ஆதிமூலம் சார், யூரியா லோடு வந்து இறங்கிய வாரம் என்பதால் உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. மன்னிக்கவும்.

சேலத்தில் ஒரு வெள்ளிக்கடையில் நம்முடைய அதே ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் நாற்பத்தொன்று பார்த்ததாகவும், எல்லாம் பளபளவென்று விளக்கப்பட்டுப் பாழாகிக் கிடந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். எந்தக் கொலைகாரன் செய்த வேலை என்றும் கேட்டிருந்தீர்கள். விளக்கச் சொன்னவன் நான்தான். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

இந்த ரூபாய் சும்மா கிடைத்தால் இரண்டாயிரம், மூவாயிரம் போகும். தரம் பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் மூடி முத்திரை வைத்துவிட்டால் கதை வேறு. பட்டியலில் அறுபத்தாறு வாங்கியவை இரண்டே இரண்டு. ஒன்று உங்களிடம், ஒன்று என்னிடம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. என்னுடையது ஏலத்துக்கு வந்த அன்று நீங்கள் விடவில்லை, நானும் விடவில்லை. ஒன்றரை லட்சத்தில் நிற்கவேண்டியது ஆறேகால் லட்சத்தில் நின்றது. நம் இரண்டு பேரைத் தவிர அந்த விலைக்குக் காரணம் கிடையாது.

"ஒரு ரூபாய ஆறு லட்சம் குடுத்து வாங்கிக்கினு வந்து நிக்கிறியே, உனக்கு இன்னா ஆச்சி?" என்றாள் என் மனைவி வளர்மதி. நியாயமான கேள்வி. சாப்பிட உட்கார்ந்தேன்.

போன ஆடியில் வெள்ளிமலைப் பக்கமிருந்து சின்னராசு கடைக்கு வந்தான். வருஷா வருஷம் என்னிடம்தான் மக்காச்சோள விதை வாங்குவான். நான் பழைய காசு சேர்ப்பது அவனுக்குத் தெரியும். சட்டைப்பையிலிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்து அவிழ்த்தான். அவனுடைய பாட்டன் கடுக்காய் விற்று வாங்கிய ரூபாயாம். செலவழிக்க மனமில்லாமல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துணியில் சுற்றி, பானையில் போட்டு, வாயை மெழுகால் அடைத்துப் புதைத்திருக்கிறார்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. ராஜாவின் கன்னத்தில்கூடத் தேய்மானம் இல்லை. மேலே மெல்லிய கறுப்பு, ஓரத்தில் நீலம். அந்தக் கறுப்புக்குத்தானே நாம் உயிரை விடுகிறோம். அது போனால் காசு வெறும் வெள்ளி. அறுபத்தேழு நிச்சயம்.

"இன்னும் நாப்பத்தொண்ணு கெடக்குதுங்க. எல்லாம் இதே வருசந்தான்" என்றான்.

எதற்கு விற்கிறாய் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். மகள் தேவிப்ரியாவுக்கு ஒன்பது வயது, இதயத்தில் ஓட்டை. பெரிய ஆஸ்பத்திரியில் பொங்கல் கழித்துத்தான் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை தாங்காது, தனியாரில் செய்தால் உடனே செய்யலாம், மூன்று லட்சம் ஆகும் என்று ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"யூடியூப்புல ஒரு காசு லச்ச ரூவான்றாங்க. மெய்யாங்க?"

"அதெல்லாம் ஏமாத்து வேலைப்பா" என்றேன். பெரும்பாலும் அது உண்மைதான்.

"அடுத்த வாரம் சேலத்துலயும் ஒருத்தர்கிட்ட காட்டலாம்னு இருக்கறேங்க."

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நாற்பத்திரண்டும் பெட்டிக்குள் போய்விட்டால் நம் இரண்டும் என்ன ஆகும்? நீங்கள் ஏலத்தில் கையைத் தூக்குவீர்களா? நான் வாங்கிப் பதுக்கினாலும் என் காலத்துக்குப் பிறகு என் மகன் வெளியே விடுவான். சின்னராசுவின் நான்கைந்து காசை விற்றாலே அந்தக் குழந்தையின் நெஞ்சைச் சரி செய்துவிடலாம் என்பதும் எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

"இப்டி அழுக்கா கொண்டும்போய் குடுத்தா எவன்டா மதிப்பான்?" என்றேன். "புளியும் சாம்பலும் போட்டு நல்லா வெளக்கி எடுத்துக்கினு போ."

அவ்வளவுதான் சொன்னேன். வீட்டில் குத்துவிளக்குக்கு நாம் செய்யாததா?

குடும்பமே ஓடையில் உட்கார்ந்து ஒரு பகல் முழுக்க விளக்கியிருக்கிறது. அவன் மனைவி அம்சவள்ளிக்கு விரல் நுனி உரிந்துபோனதாம். சேலத்துக்காரர் எடை போட்டு வெள்ளி விலை கொடுத்தார். திரும்பும் வழியில் கடைக்கு வந்து, "நீங்க சொன்ன மாரியே ஏமாத்துதாங்க. லச்சமெல்லாம் இல்ல" என்றான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அந்த வியாபாரத்தில் எனக்கு ஒரு பைசா வரவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கார்த்திகையில் குழந்தை போய்விட்டது. பொங்கல்வரை தாங்கியிருந்தால் பிழைத்திருக்கும். அது ஆஸ்பத்திரித் தேதி சம்பந்தப்பட்ட விஷயம். எனக்கு உறுத்துவது அந்த நாற்பத்தொரு காசுதான். கண்ணை மூடினால் அந்தக் கறுப்பெல்லாம் ஓடைத் தண்ணீரில் கரைந்து போகிறது. ஒரு சேகரிப்பாளன் செய்யக்கூடாத பாவம் அது.

போன வாரம் சின்னராசு மறுபடி வந்தான். மெலிந்திருந்தான். பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து ஒரு காசை மேஜைமேல் வைத்தான். நாற்பத்திரண்டாவது காசு.

"பாப்பா இத மட்டும் தேய்க்க வுடலீங்க. கறுப்பாவே இருக்கட்டும்னு ஒளிச்சி வெச்சிக்கிச்சி. விக்க வரலீங்க. போட்டோவாண்ட வெக்கணும். இப்டியே வெக்கலாமாங்க, இல்ல வெளக்கணுமா?"

லென்ஸை எடுத்தேன். அறுபத்தெட்டுகூட வரும். என் வாழ்நாளில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அழுகை வந்துவிட்டது. தன் மகளுக்காக அழுகிறேன் என்று நினைத்து அவனும் அழுதான்.

அது விற்பனைக்கு வராத காசு. மலைமேல் ஒரு சுவரில், ஒரு படத்துக்குப் பக்கத்தில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் இருந்திருக்கும். அப்படியே வை என்று சொல்லியிருக்கலாம்.

எதிர்க்கடையில் பத்து ரூபாய்க்குப் புளி வாங்கிவரச் சொல்லி, குழாயடியில் உட்கார்ந்து நானே விளக்கினேன். காசு பளிச்சென்று ஆனதும் அவன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

ஆகவே நீங்கள் கவலைப்பட வேண்டாம், சார். என்னுடையதை அடுத்த மாத ஏலத்துக்கு அனுப்புகிறேன். தைரியமாகக் கேளுங்கள், அதைவிட நல்லது இனி எங்கேயும் இல்லை.

இப்படிக்கு,
முருகவேல்,
கள்ளக்குறிச்சி.