சவரக்கத்திக்கு ஒரு வேண்டுதல்

"...அந்தக் கொம்புப்பிடிச் சவரக்கத்தி மட்டும் இந்த ஆன்லைன் ஏலத்துல கிடைக்கட்டும், அதாலதான் இந்தத் தாடிய எடுப்பேன்னு ஏகாம்பரநாதருக்கு வேண்டிக்கினு இருக்கறேன் மச்சான்!"

ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் தாடிக்காரர் போனைத் தட்டிக்கொண்டே சொன்னார். பழைய கத்திகளை வாங்கி விற்கும் நண்பர் பக்கத்தில் சிரித்தார். "சாமிக்கு வேற வேலயே இல்லயாப்பா?"

"நான் விலைய ஏத்த ஏத்த எவனோ ஒருத்தன் கூடவே ஏத்துறான். விளங்குவானா அவன்?"

தாடிக்காரர் விலையை ஏற்றினார். நண்பரின் சட்டைப்பையில் போன் 'டிங்' என்றது. மறுபடி ஏற்றினார். மறுபடி 'டிங்'.

எடுத்துப் பார்த்த நண்பர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அந்தப் பாவி நான்தான்டா. யாராவது ஏத்தினா என் விலையும் தானா ஏறிக்கட்டும்னு நாலஞ்சு கத்திக்குக் காலையிலயே போட்டு வெச்சிட்டேன்."

ஆட்டோவே சிரித்தது.

"அப்ப நீயே எடுத்துக்க மச்சான். விக்கிறதுக்கு முன்னால முதல் சவரம் எனக்கு!" என்ற தாடிக்காரர், போனைப் பையில் போட்டுவிட்டு, அங்கேயே அவரிடம் முகவாயை நீட்டினார்.